வானம் பார்த்த மீன்

கேள்வி: கமுதிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கார்த்திகை மழையில் எங்கள் ஊரணி நிறைந்தபோது, ஏழாவது படிக்கும் என் மகன் படித்துறையில் கொசுவலைத் துண்டை வைத்து ஆறு குட்டி மீன்களைப் பிடித்து வந்தான். வீட்டில் கப்பியும் மோலியும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் அவற்றை விட்டோம். இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. ஒன்றரை அங்குலத்தைத் தாண்டவில்லை. எந்நேரமும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உச்சந்தலையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விளக்குப் போல மின்னுகிறது. மதுரையில் நாங்கள் மீன் வாங்கும் கடையில் படத்தைக் காட்டினேன். "கம்பூசியா, கொசு மீன், தூக்கிப் போடுங்கள்" என்றார்கள். பள்ளிக்கூட வாத்தியார் கெண்டைக் குஞ்சு என்கிறார். என் மாமியாரோ, "ஊரணியில எப்பவும் கிடக்கிற பொடிமீன், அதுக்குப் பேரெல்லாம் கிடையாது" என்கிறார். இது என்ன மீன்? இன்னும் வளருமா? ஒன்று துள்ளி வெளியே விழுந்து செத்துவிட்டது. கப்பி போடும் குட்டிகளும் காணாமல் போகின்றன. மிச்சமிருக்கும் ஐந்தைக் கொசுவுக்காகக் கிணற்றில் விடலாமா, ஊரணியிலேயே திரும்ப விட்டுவிடலாமா? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

வாசகி, கமுதி வட்டம்

பதில்: உங்கள் மகனுக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். எந்த ஊரணி, எந்த மாதம், படித்துறையின் எந்தப் பக்கம் என்று அவன் படத்தின் பின்னால் எழுதி அனுப்பியிருக்கிறான். பெயர் தெரியாத மீனின் படங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் மீன் இருக்கும், ஊர் இருக்காது. சின்ன நன்னீர் மீன்களில் ஊர் தெரியாவிட்டால் பாதி அடையாளம் போயிற்று. ஒரே சாயலில் நாலைந்து இனங்கள் இருக்கும். ஒன்று மேற்குக் கரையில் வாழும், ஒன்று கிழக்குக் கரையில், இன்னொன்று கங்கைச் சமவெளியில். எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த நாலைந்தில் இரண்டு மூன்றை உடனே ஒதுக்கிவிடலாம்.

உங்கள் மீன் கம்பூசியா அல்ல. கெண்டைக் குஞ்சும் அல்ல. முழுதாக வளர்ந்த மீன்தான் அது. இதற்கு மேல் பெரிதாக வளராது. மாமியார் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. இந்த ஊரணிகளில் எப்போதும் கிடப்பதுதான். பெயர் மட்டும் உண்டு: அப்ளோகைலஸ் பார்வஸ். கேரளத்தில் இதன் உறவுக்கார மீன்களை மானத்துக்கண்ணி என்கிறார்கள். மானம் என்றால் வானம். வானத்தை நோக்கிய கண் கொண்டது என்று பொருள். நம் ஊர்ப் பெரியவர்களும் "மானம் பாத்த பூமி" என்றுதானே பேசுகிறார்கள். வானம் பார்த்த பூமியில் வானம் பார்த்த மீன் இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்கிறேன். அடுத்த முறை உங்கள் மகனே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வாலைப் பாருங்கள். கெண்டை வகை எதுவானாலும், எவ்வளவு பொடியாக இருந்தாலும், வால் கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். முதுகுத் துடுப்பு முதுகின் நடுவில் நிற்கும். உங்கள் இரண்டாவது படத்தில் வால் விசிறி போல உருண்டிருக்கிறது. முதுகுத் துடுப்போ சின்னதாக, வாலுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் சொன்ன கெண்டை இதோடு விலகிவிடுகிறது.

கம்பூசியாவை விலக்க இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் மேல் குற்றமில்லை. கம்பூசியாவுக்கும் தட்டையான தலை, மேல் நோக்கிய வாய், பின்தள்ளிய முதுகுத் துடுப்பு, உருண்ட வால் எல்லாமே உண்டு. அதுவும் மேல்மட்டத்தில்தான் நீந்தும். வித்தியாசம் வயிற்றுப் பக்கம் இருக்கிறது. ஆசனவாய்க்குப் பின்னால் அடியில் இருக்கும் துடுப்பைப் பாருங்கள். உங்கள் மீனில் அது நீளமாக, அடிவயிற்றின் பின்பாதி முழுக்க ஓடுகிறது. கம்பூசியாவில் அது குட்டையானது. ஆண் கம்பூசியாவில் அதுவே குச்சி போல நீண்டு மாறியிருக்கும். கப்பி ஆணிலும் அப்படித்தான், உங்கள் தொட்டியிலேயே பார்க்கலாம். குட்டி போடும் மீன்களின் அடையாளம் அந்தக் குச்சி. உங்கள் ஐந்து மீன்களில் ஒன்றுக்குக்கூட அது இல்லை. இரண்டு மாதத்தில் அவை குட்டி போட்டதாகவும் நீங்கள் எழுதவில்லை. இவை முட்டையிடும் மீன்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி தலையில் இருக்கும் அந்தப் பொட்டு. கம்பூசியாவுக்கு அது கிடையாது. ஒளியைத் திருப்பி அடிக்கும் செல்கள் மண்டையின் உச்சியில் ஒரே இடத்தில் திரண்டிருப்பதால் வருகிற மினுக்கம் அது. அந்த இடத்துக்கு நேர் கீழே, மூளையின் மேற்புறத்தில், வெளிச்சத்தை உணரும் பினியல் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. அப்ளோகைலஸ் சாதியில் எல்லா இனங்களுக்கும் இந்தப் பொட்டு உண்டு. ஊரணி ஓரத்தில் குனிந்து நின்றால் மீன் கண்ணுக்குத் தெரியாது. கலங்கிய தண்ணீரில் வெள்ளிப் புள்ளிகள் மட்டும் அங்குமிங்கும் நகரும். மேலிருந்து எடுத்த உங்கள் முதல் படம் மட்டும் இல்லையென்றால் நான் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். மீன் படம் என்றாலே பக்கவாட்டில் எடுப்பது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ மேலிருந்தும் எடுக்கத் தோன்றியிருக்கிறது.

சாதி தெரிந்துவிட்டது, இனம் எது? கஷ்டமான இடம் இதுதான். நானே பல வருடம் தவறாக எழுதிய இடமும் இதுதான்.

அப்ளோகைலஸில் மூன்று நான்கு இனங்கள் நம் பக்கம் பேசப்படுகின்றன. லினியேட்டஸ் பெரியது, 10 சென்டிமீட்டர் வரை போகும். அதன் பெண் மீனுக்கு உடம்பில் கறுப்புக் குறுக்குக் கோடுகள் வரிசையாக இருக்கும். உங்கள் மீன்களில் கோடே இல்லை. பாஞ்சாக்ஸ் என்பது 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன் பெயரிட்டது. அதுவும் உங்கள் மீனைவிடப் பெரியது. மிச்சம் இரண்டு குள்ளர்கள்: ப்ளாக்கி, பார்வஸ். இரண்டுமே மற்ற இரண்டையும்விடச் சிறியவை.

ப்ளாக்கிக்கு 1911இல் பெயரிட்டவர் ஜெர்மானியர் ஆர்னால்ட். அப்போது ஐரோப்பாவில் கண்ணாடித் தொட்டி மோகம் பெருகியிருந்தது. கப்பலில் போன நம் ஊர்ப் பொடிமீன்களுக்கு அங்கே பெயர் கிடைத்துக்கொண்டிருந்தது. 5 வருடம் கழித்து, 1916இல், பி. சுந்தரராஜ் சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் எழுதினார். சென்னைப் பக்கத்துக் குட்டைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இந்தக் குள்ள மீனை அதில் புதிய இனமாக விவரித்து 'பார்வஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் சிறியது என்று அர்த்தம். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்தவர் அவர். ஒரு தமிழ்நாட்டுக் குட்டை மீனை, இங்கேயே பிடித்து, இங்கேயே பார்த்து, இங்கேயே இருந்த ஒருவர் பெயரிட்டது அந்தக் காலத்தில் அபூர்வம். ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி, பழைய பெயரான ப்ளாக்கியின் கீழ் பார்வஸை அடக்கிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் நம் கிழக்குக் கரை மீனும் இலங்கை மீனும் ப்ளாக்கி என்றே அழைக்கப்பட்டன.

நான் படித்ததும் அந்தப் புத்தகங்களைத்தான். மாணவனாக இருந்தபோது சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களில் இந்த மீனைப் பிடித்து, ஃபார்மலினில் போட்டு, பாட்டில் பாட்டிலாக 'ப்ளாக்கி' என்று சீட்டு ஒட்டினேன். ஃபார்மலினில் போட்ட மீனில் நிறம் நிற்காது, பொட்டும் மங்கிப்போகும். உயிரோடு இருந்தபோது உட்கார்ந்து பார்க்கவில்லை. பிறகு இரண்டும் தனித்தனி என்று மறுபடி ஏற்கப்பட்டது. கேரளப் பக்கத்து மீன் ப்ளாக்கி. தமிழகக் கிழக்குப் பகுதியிலும் இலங்கையிலும் இருப்பது பார்வஸ். அதை அறிந்தபோது என் சீட்டுகளையெல்லாம் கிழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. அன்றிலிருந்து யார் மீன் அனுப்பினாலும் ஊரைக் கேட்கிறேன். உங்கள் படத்தில் முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது, அளவு சிறியது, பிடித்த இடம் கமுதி ஊரணி. இவை மூன்றும் சேர்ந்துதான் எனக்கு பார்வஸ் என்று சொல்கின்றன. ஒரு மீன் செத்துவிட்டால் எறியாமல் சாராயத்தில் போட்டுவைத்தால் செதில்களையும் துடுப்பின் நரம்புகளையும் லென்ஸ் வைத்து எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கைகள் நிறத்தைப் போல மங்கிப்போகாதவை.

இப்படி ஒரு சந்தேகம் வந்தால் எங்கே கேட்பது என்று பலருக்கும் குழப்பம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் எல்லாரும் அங்கே போகிறார்கள். அது கடல் மீனுக்கு. நன்னீர் மீனுக்குச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் பொருத்தமான இடம். உங்களுக்குப் பக்கத்தில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது.

துள்ளி விழுந்த மீனைப் பற்றி. இது குதிக்கும் சாதி. வாய் மேல்நோக்கி இருப்பதே தண்ணீரின் மேல் விழும் எறும்பு, கொசு, ஈ, மேல்மட்டத்தில் தொங்கும் கொசுப்புழு இவற்றைப் பிடிக்கத்தான். பறக்கும் பூச்சியைப் பார்த்தாலும் எழும்பும். அந்த வாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. சித்திரை வெயிலில் ஊரணி முழங்கால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறும்போது தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் படலத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கும். தட்டைத் தலையும் மேல்வாயும் உள்ள மீன் அந்தப் படலத்து நீரை நேராக உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றையே குடித்துச் சமாளிக்கின்றன. இந்தச் சிறியது இப்படிச் சமாளிக்கிறது. இலேசான உப்பையும் தாங்கும். கமுதி, முதுகுளத்தூர், கடலாடித் தண்ணீரில் இந்தக் குணம் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

குதிக்கும் மீன் என்பதால் தொட்டிக்கு மூடி போடுங்கள்; பழைய கொசுவலையைக் கட்டினாலும் போதும். கப்பிக் குட்டிகளைத் தின்பது இவைதான். மேல்மட்டத்தில் அசையும் சின்ன உயிர் எதுவும் இவற்றுக்கு இரை. குட்டிகள் வேண்டுமென்றால் தனித் தொட்டி வையுங்கள். தூள் தீனி தின்னும். வாரம் இரண்டு நாள் கொசுப்புழு கொடுத்தால் நிறம் ஏறுவதைப் பார்க்கலாம். ஆணின் துடுப்புகளில் சிவப்பு மஞ்சள் புள்ளிகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். தண்ணீர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குழாயிலிருந்து பிடித்த உடனே ஊற்றிவிடாதீர்கள். அதில் குளோரின் கலந்திருக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்து, நாலில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாமல் ஊற்றுங்கள்.

கிணற்றில் விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மூடிய தண்ணீர்த் தொட்டியில் வேண்டாம். இரை இல்லாமல் செத்துப்போகும். திறந்த கிணறு, சிமெண்டுத் தொட்டி, தோட்டத்துத் தாமரைத் தொட்டி இவற்றில் தாராளமாக விடலாம். கொசுப்புழுவை நன்றாகவே தின்னும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது கம்பூசியா, பூர்வீகம் அமெரிக்கா. மலேரியாவை ஒழிக்கும் நல்லெண்ணத்தில்தான் கிணறு, குளம், குட்டை எல்லாவற்றிலும் கொட்டினார்கள், இன்றும் கொட்டுகிறார்கள். ஆனால் அது கொசுப்புழுவோடு நிற்பதில்லை. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளையின் தலைப்பிரட்டையையும் தின்னும். தன்னைவிட மெதுவான மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். சினைப்பட்ட ஒரு பெண் மீன் தண்ணீரில் விழுந்தால் போதும், ஒரு குளம் நிறைந்துவிடும். ஆணின் விந்தைச் சேமித்துவைத்து அடுத்தடுத்துக் குட்டி போடும் உடல் அதற்கு. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது.

கண்மாய் நாட்டில் இது இன்னும் ஆபத்து. உங்கள் ஊரணி தனியாக இல்லை. மழையில் அது வழிந்தால் ஓடைக்குப் போகும், ஓடை கண்மாய்க்கு, ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்துக்கால். கடைசியில் குண்டாறு. கோடையில் ஊரணி வற்றி, அடுத்த ஐப்பசியில் மறுபடி மீன் வந்து நிற்பது எப்படி என்று கேட்டால் பலரும் மண்ணுக்குள் முட்டை இருந்து பொரிப்பதாகச் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் அப்படிப்பட்ட மீன்கள் உண்டு. நம்முடையது அப்படியல்ல. வற்றாமல் எங்கேயோ கிடந்த ஒரு மூலைத் தண்ணீரிலிருந்து, கால்வாய் வழியே ஏறி வந்த மீன்கள்தான் அவை. குடிதண்ணீருக்காகக் கரை கட்டி, ஆடு மாடு இறங்காமல் காத்த ஊரணிகள்தான் பெரும்பாலும் அந்த மூலைத் தண்ணீர். அதே வழியில்தான் கம்பூசியாவும் போகும். யாராவது உங்கள் ஊரணியில் கொசு மீன் விட வந்தால், இங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லி இந்தப் பொட்டு மீனைக் காட்டுங்கள். மாமியார் தன் சின்ன வயதிலிருந்து பார்த்ததாகச் சொன்னால் அதையும் எழுதிக் கொடுங்கள். அது சாதாரணச் சாட்சியம் அல்ல.

தண்ணீர் இப்படி ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், உங்களிடம் இருக்கும் ஐந்தையும் ஊரணியில் திரும்ப விட வேண்டாம். பிடித்த அன்றே விட்டிருந்தால் சரி. இரண்டு மாதம் கடை மீன்களோடு ஒரே தண்ணீரில் இருந்துவிட்டன. கடையிலிருந்து வரும் கப்பியோடும் மோலியோடும் குடல்புழுவும் வெள்ளைப்புள்ளி நோயும் வர வாய்ப்பு உண்டு; மீன் திடமாகத் தெரிந்தாலும் நோய் கூடவே போகும். அந்தத் தொட்டித் தண்ணீரைக்கூட ஓடைப் பக்கம் கொட்டாமல் செடிக்கு ஊற்றுங்கள். இனிப் பிடிப்பதென்றால் ஒன்று செய்யலாம். கண்ணாடித் துண்டுகளை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, அதன் வெளியே ஒட்டிய ஒரு அளவுகோல், பின்னால் சாம்பல் நிறக் காகிதம். மீனை அதில் விட்டு, துடுப்பு விரியும்வரை காத்திருந்து பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று எடுத்துவிட்டு, அதே படித்துறையில் அதே நேரத்தில் விட்டுவிடலாம். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களில் மட்டும் வலையே இறக்கக் கூடாது. பறவைகள் சரணாலயம் அவை. இரண்டும் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இருக்கின்றன. அங்கே கூழைக்கடாவும் கொக்கும் பிடித்தால் போதும்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஐந்தில் மூன்றுக்குத் துடுப்பில் நிறம் ஏறியிருக்கிறது, இரண்டு வெளிறியிருக்கின்றன. மூன்று ஆண், இரண்டு பெண் என்று நினைக்கிறேன். தனித் தொட்டிக்கு மாற்றி, வேலம்பாசிக் கொத்து ஒன்றை மிதக்க விடுங்கள். கருநிற நூல்கண்டைப் பிரித்து ஒரு தக்கையில் கட்டித் தொங்கவிட்டாலும் சரி. காலையில் நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், கடுகளவுகூட இல்லாத, கண்ணாடி போன்ற முட்டைகள் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். அவற்றை நூலோடு எடுத்து வேறு டப்பாவில், அதே தொட்டித் தண்ணீரில் வையுங்கள். தாய் தகப்பனிடம் விட்டால் தின்றுவிடும். சில நாள் போனதும் முட்டைக்குள் இரண்டு கறுப்புக் கண்கள் தெரியும். எந்தத் தேதியில் முட்டை, எந்தத் தேதியில் கண், எந்தத் தேதியில் குஞ்சு என்று உங்கள் மகன் ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்பட்டும். குஞ்சின் தலையில் பொட்டு எத்தனையாவது நாள் தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பங்குனிக்குள் கிடைத்தால் நல்லது. அதற்கு மேல் தொட்டித் தண்ணீர் சூடாகிவிடும்.